நிலக்கணக்கும் நீர்க்கணக்கும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பெய்த பெருமழையில் சென்னை மாநகரின் தென்பகுதி நீரில் மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. வழியிலிருந்த சிற்றேரிகளின் மிகைநீரும் சேர, அடையாறு கரை கடந்து வீதிகளில் ஓடியது. மாடிகளில் ஏறி நின்ற மக்களைப் படகுகளில் மீட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2019-ஆம் ஆண்டு கோடையில் அதே மாநகரின் குடிநீர் ஏரிகள் வறண்டு, தரை வெடித்துக் கிடந்தன. மக்கள் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டு நள்ளிரவிலும் லாரிக்காகக் காத்திருந்தார்கள். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குப் புகைவண்டியில் தண்ணீர் வந்தது. ஒரு வண்டி கொணர்ந்தது 25 லட்சம் லிட்டர்.

வெள்ளத்தில் மூழ்கியதும் அதே ஊர். தாகத்தால் வாடியதும் அதே ஊர். மழை மிகுந்ததும் பின்னர்க் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மழை மட்டுமே காரணம் என்று சொல்லி அமைதி கொள்ள முடியுமா? முடியாது என்றே நான் கருதுகிறேன். நிலத்துக்கு ஒரு கணக்கும் நீருக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொண்டு, அவ்விரு ஏடுகளையும் அருகருகே விரித்துப் பார்க்க நாம் தவறியதே மற்றொரு காரணம். அந்தத் தவற்றைப் பற்றியும், அதைத் திருத்தும் வழியைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முதலில் மழையின் இயல்பை அறிந்துகொள்வோம். சென்னையில் ஓர் ஆண்டில் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. இது குறைவான மழையன்று. ஆனால் இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. அதுவும் சில நாட்களில், சில மணி நேரங்களில் கொட்டித் தீர்ப்பது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் ஒரே திங்களில் நகரில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நவம்பர்த் திங்களில் அத்தகைய மழை அதற்கு முன் 1918-ஆம் ஆண்டில்தான் பெய்திருந்தது. மூன்று திங்களில் வருவதைப் பன்னிரண்டு திங்களுக்கும் வைத்து உண்ண வேண்டிய நிலையில் இருப்பவன் களஞ்சியம் கட்டுவான். நம் முன்னோர் கட்டிய களஞ்சியத்துக்கு ஏரி என்று பெயர்.

ஏரி என்றவுடன் நீர் நிறைந்த ஒரு பள்ளமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அது முழுமையான காட்சியன்று. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்று அரசுக் கணக்குக் கூறுகிறது. அவற்றுள் மிகப் பல, சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவாகக் கரை எழுப்பி உண்டாக்கியவை. கரைக்கு மேற்புறத்தில் மழைநீர் வழிந்து வரும் நிலப்பரப்பு உண்டு. அது நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கிருந்து நீரைக் கொணர்வது வரத்து வாய்க்கால். கரையில் மதகு உண்டு. அது வயலுக்கு நீர் விடும் வாயில். கரையின் ஓரத்தில் கலிங்கல் உண்டு. அது மிகுந்த நீர் தானாக வழிந்து வெளியேறும் இடம். வழிந்த நீர் போக்கு வாய்க்கால் வழியே அடுத்த ஊரின் ஏரிக்குச் செல்லும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலி போல் கோத்த ஏரிகளின் கடைசி நீர்தான் ஆற்றையோ கடலையோ அடையும். மதகின் கீழ் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு எனப்படும்.

இவற்றில் ஓர் உறுப்புக் கெட்டாலும் ஏரி ஏரியாக இராது. வரத்து வாய்க்கால் தூர்ந்தால் நீர் வாராது. போக்கு வாய்க்கால் அடைபட்டால் நீர் ஊருக்குள் புகும். ஆகவே ஏரி என்பது, ஓர் ஊர் தன் நிலம் முழுவதையும் நீரின் போக்கறிந்து பகுத்து வைத்த ஏற்பாட்டுக்கு இடும் பெயர் என்று கொள்ளலாம். வீடு கட்டும் நத்தம் மேட்டில் இருந்தது. நெல் விளையும் நஞ்சை ஏரிக்குக் கீழே இருந்தது. மழையை நம்பிய புஞ்சையும், ஆடு மாடு மேயும் மேய்ச்சல் நிலமும் மேற்புறத்தில் இருந்தன. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் ஆகியவை எவருக்கும் பட்டா ஆகாத புறம்போக்காக வைக்கப்பட்டன. ‘நிலப்பயன் திட்டம்’ என்று இன்று நாம் பெரிய பெயர் சூட்டி அழைக்கும் பொருள் இதுவே அன்றோ?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையால் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வகையை அவை விளக்குகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். மற்றொன்று தோட்ட வாரியம். ஏரிக்கெனத் தனி வாரியம் வைத்து ஆண்ட ஊர் அது. இதைக் கூறும்போது மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அவ்வாரியத்தில் அமர நிலமும் வீடும் கல்வியும் உடையவராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஏரியின் சேற்றை வெட்டிக் கரையில் கொட்டிய உழைப்பாளிக்கு அதில் இடமில்லை. ஆதலின் பழமை முழுவதையும் அப்படியே மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலத்தையும் நீரையும் ஒரே கணக்கில் வைத்த அறிவை மட்டும் மீட்டுக்கொள்ளலாம் என்கிறேன்.

அந்தக் கணக்கு எப்பொழுது இரண்டாகப் பிரிந்தது? சென்னையைப் பொறுத்தவரை ஒரு காலத்தைச் சுட்டிக் காட்டலாம். 1920-ஆம் ஆண்டு சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நகரம் மேற்கே வளர இடம் தேடியது. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் தொடர்ந்து கிடந்த நீண்ட நீர்ப்பரப்பு அப்போது நகரின் மேற்கெல்லையாக இருந்தது. அதன் ஒரு பகுதியை வடித்துத் தூர்த்து, 1920-களில் மாம்பலம் குடியிருப்பை உருவாக்கினார்கள். அதுவே இன்றைய தியாகராய நகர். அழகிய பூங்காவும் அகன்ற சாலைகளும் கொண்ட அந்நகரைத் திட்டமிட்டவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் வரைபடத்தில் ஏரி ‘வெற்றிடம்’ ஆகிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்த சாலை என்று பொருள்படும் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது. சாலையில் நின்று பார்த்தால் ஏரியைத்தான் காணவில்லை. 1976-ஆம் ஆண்டு திறந்த வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரியின் நிலத்தில் எழுந்ததே.

மாணவ நண்பர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஏரிகள் அழிந்ததற்குப் பேராசையே காரணம் என்று பலரும் கூறுவர். பேராசையும் உண்டு. ஆயினும் அதற்கு முன்னே நிகழ்வது வேறொன்று. ஏரியின் கீழுள்ள நஞ்சை முதலில் மனைகளாகிறது. பயிரிடுவோர் மறைகின்றனர். மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டிக்கு வேலை போகிறது. ஆண்டுதோறும் தூர் வாருவதற்கு ஊரைக் கூட்டுவோர் இல்லை. ஏரி நிறைந்தால் மகிழ்வதற்கு எவரும் இல்லாமல் போகிறார்கள். நிறைந்தால் அஞ்சுவோரே மிகுகிறார்கள். அந்த நிலையில் ஏரி பயனற்ற நிலம் போலத் தோன்றுகிறது. பிறகே அதன்மேல் பலருடைய கண் விழுகிறது. குப்பை கொட்ட ஓர் இடம் வேண்டும், பேருந்து நிலையத்துக்கு ஓர் இடம் வேண்டும், அலுவலகத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஒவ்வொரு தேவைக்கும் ஏரிப் புறம்போக்கே முதலில் நினைவுக்கு வருகிறது. நிலத்தின் பயன் மாறியதனால் நீரின் பாதுகாவலர் மறைந்தனர். நிலத்தை மாற்ற இசைவு தந்தவர்கள் நீரைப் பற்றி எண்ணவில்லை. நீரைக் காக்க வேண்டியவர்களிடம் நிலத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இதன் விளைவை எண்களில் காண்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் நீராகும். அந்நிலம் புல்லும் மரமும் உடைய மண்தரை என்று கொள்வோம். கணக்கின் எளிமைக்காக, அதில் நான்கில் ஒரு பங்கு வழிந்தோடுகிறது என்று வைத்தால், 2.5 லட்சம் லிட்டர் வெளியேறும். எஞ்சியது மண்ணில் ஊறும், தேங்கும், ஆவியாகும். அதே நிலத்தைக் கூரையும் சிமெண்டும் தாரும் மூடிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 9 லட்சம் லிட்டர் வழிந்தோடும். மழை மாறவில்லை, நிலம் மாறியது, வெள்ளம் மூன்றரை மடங்கு ஆயிற்று. அந்த வெள்ளம் மண்ணின்மேல் மெல்ல நகர்வது போல் நகராமல் விரைந்து ஓடி, தாழ்ந்த இடத்தை ஒரே வேளையில் சென்று தாக்குகிறது. அவ்வாறு ஓடிய நீர் நிலத்தடிக்குச் செல்லாத நீர். ஆகவே மழைநாளில் தெருவில் நின்ற வெள்ளமும், கோடையில் கிணற்றில் காணாமற்போன நீரும் ஒரே நீர்தான்.

இனிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்வோம். தென்சென்னையின் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பெய்யும் மழை, பல ஏரிகளின் வழியாக வழிந்து அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இடையில் சதுப்பு நிலம் அந்நீரைப் பஞ்சு போல் உறிஞ்சித் தாங்கி, மெல்ல மெல்ல விடும். நாணலும் கோரையும் வளர்ந்து, நெடுந்தொலைவிலிருந்து பறவைகள் வந்து தங்கும் இடம் அது. ஆனால் வருவாய்க் கணக்கில் அது நெடுங்காலம் தரிசு என்ற வகையிலேயே எண்ணப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் மாநகரின் குப்பை மலையாகக் குவிந்தது. மற்றொரு பக்கத்தில் சாலைகளும் உயர்ந்த கட்டடங்களும் எழுந்தன.

சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன் அச்சதுப்பு 50 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்தது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். 2007-ஆம் ஆண்டில் அதில் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அது ஏற்கப்பட்டபோது, அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர கிலோமீட்டர். இப்பொழுது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 250 சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை என்பது 2.5 கோடி கனமீட்டர் நீர். சோழவரம் ஏரியின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு. இந்நீர் முழுவதும் 50 சதுர கிலோமீட்டரில் பரவி நின்றால் முழங்கால் அளவு, அதாவது அரை மீட்டர் நிற்கும். 12.5 சதுர கிலோமீட்டரில் நிற்க வேண்டுமானால் இரண்டு மீட்டர் நிற்க வேண்டும். மெய்யாகவே அவ்வளவும் ஒரே வேளையில் அங்கு வந்து சேர்வதில்லை. வந்ததில் ஒரு பகுதி வடிந்துகொண்டும் இருக்கும். ஆயினும் படுக்கை நான்கில் ஒன்றாகச் சுருங்கினால் நீர் எங்கே சென்று படுக்கும் என்பதை இக்கணக்குத் தெளிவாக்கும்.

இதையெல்லாம் பிறர் குற்றம்போல் சொல்லிச் செல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அதில் பங்கு கொண்டவன். பல ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையின் ஓரத்தில் ஒரு மனை வாங்கினேன். புவியியல் கற்பிக்கும் ஆசிரியனாகிய நான், பட்டாவைப் பார்த்தேன். வில்லங்கச் சான்றிதழைப் பார்த்தேன். சாலையின் அகலத்தை அளந்தேன். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்கவில்லை. கடைக்கால் தோண்டியபோது, எதிர்ப்புறத்து நிலத்தில் இன்னும் பயிரிட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவர் வந்து பார்த்தார். “ஐயா, கலிங்கல் வழிந்தால் தண்ணீர் இப்படித்தான் போகும், தரையைச் சற்று உயர்த்திக் கட்டுங்கள்” என்றார். நான் நன்றி கூறினேன். கொத்தனார் சிரித்தார். ஏரியே வற்றிக் கிடக்கிறது, கலிங்கல் எங்கே வழியப் போகிறது என்பது எங்கள் இருவருடைய எண்ணமும்.

2015 டிசம்பரில் கலிங்கல் வழிந்தது. நீர் என் வீட்டில் மார்பளவு நின்றது. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களையும், மாணவர்கள் வரைந்து தந்த நிலப்படங்களையும் ஓரிரவில் இழந்தேன். பக்கத்து வீட்டில் நடக்க இயலாத மூதாட்டி ஒருவர் இருந்தார். அவரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டு சென்றோம். அன்றிரவு அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “நாம் ஆற்றங்கரையில் இல்லையே, தம்பி, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?” வகுப்பில் ஆயிரம் கேள்விகளுக்கு விடை சொன்ன எனக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

விடை தேடிப் பின்னர் எங்கள் பகுதியின் பழைய கிராம வரைபடத்தைப் பெற்றுப் பார்த்தேன். மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு இரண்டு இணைகோடுகளாக ஒரு வாய்க்கால் வரையப்பட்டிருந்தது. எங்கள் மனைப்பிரிவின் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, அவ்வாய்க்கால் எங்கள் தெருவின் குறுக்கே ஓடிற்று. வாய்க்காலின் ஒரு பகுதி சாலையாகியிருந்தது. மற்றொரு பகுதி தூர்ந்து மனைகளோடு கலந்திருந்தது. நீர் வழி தவறி என் வீட்டுக்கு வந்ததாக நினைத்திருந்தேன். வழியில் சென்று குடியேறியவன் நானே என்பது அன்றுதான் புலனாயிற்று. அந்த இரண்டு படங்களும் ஒரே அரசின் இரண்டு அலுவலகங்களில் இருந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஐந்து நிமிடமே போதும். மனைகளுக்கு இசைவு கொடுக்குமுன் அந்த ஐந்து நிமிடத்தை எவரும் செலவிடவில்லை. வாங்குமுன் நானும் செலவிடவில்லை.

அப்படியானால் நிலத்திட்டத்தையும் நீர் மேலாண்மையையும் இணைப்பது எப்படி? முதலாவது, திட்டத்தின் எல்லை நீரின் எல்லையாக இருத்தல் வேண்டும். மழைநீர் ஊராட்சி எல்லையையோ நகராட்சி எல்லையையோ அறியாது. மேல் ஊரில் கட்டும் கட்டடம் கீழ் ஊரின் வெள்ளமாகிறது. ஆகவே ஓர் ஏரிச் சங்கிலியைச் சேர்ந்த ஊர்கள் அனைத்துக்கும் ஒருங்கே திட்டம் வகுக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 1,189 சதுர கிலோமீட்டர்ப் பரப்புக்கு வகுக்கப்பட்டது. அதில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், தென்கடற்கரையில் நிலத்தடி நீர் ஊறும் மணற்பரப்பிலும் கட்டட வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நிலத்தின் பயனை நீரின் தேவை முடிவு செய்யலாம் என்ற கொள்கை நம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்பதற்கு இது சான்று. அதை ஓரிரு இடங்களோடு நிறுத்தாமல் ஒவ்வோர் ஏரிக்கும் விரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஏரியை மட்டும் காத்தால் போதாது. வாய்க்காலையும் காக்க வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டு ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஏரியின் எல்லையை அளந்து கல் நடுவது எளிதில் கண்ணுக்குத் தெரிகின்ற வேலை. இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள ஓடை எவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும். ஆயினும் நரம்பை அறுத்துவிட்டு உடலைக் காத்ததனால் பயன் யாது? எந்த மனைப்பிரிவுக்கும் இசைவு தருமுன் பழைய கிராம வரைபடத்தை அதன்மேல் பொருத்திப் பார்ப்பது கட்டாயமாதல் வேண்டும்.

மூன்றாவது, மனைப்பிரிவின் அமைப்பிலேயே நீருக்கு இடம் வைக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நம் விதி. அத்திறந்தவெளி எந்த மூலையில் அமைய வேண்டும் என்பதை வழக்கமாக விற்பனை வசதியே முடிவு செய்கிறது. அதையே அந்நிலத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில் அமைத்தால், கோடையில் பிள்ளைகள் விளையாடும் பூங்காவே மழைநாளில் நீர் தேங்கி ஊறும் குளமாகும். கூடுதல் செலவு அதிகமில்லை. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேறுபாடு. மனைகள் எழுவதற்கு முன் அந்நிலத்திலிருந்து எவ்வளவு நீர் வெளியேறியதோ, எழுந்த பின்னும் அவ்வளவே வெளியேற வேண்டும் என்பதை அளவுகோலாகக் கொண்டால் மற்றவை தாமே ஒழுங்குபடும்.

நான்காவது, ஒவ்வொரு வீடும் தன் மழைக்குப் பொறுப்பேற்க வேண்டும். 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 100 சதுர மீட்டர்க் கூரையின்மேல் ஆண்டில் 140 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,40,000 லிட்டர் நீர். அதில் ஒரு பங்கு வீணானாலும் எஞ்சியது சிறிதன்று. நாமோ நீரைத் தேடி மேலும் மேலும் தொலைவு செல்கிறோம். 1996-ஆம் ஆண்டில் கிருஷ்ணை நீர் பூண்டிக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டில் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணம் ஏரியிலிருந்து குழாயில் நீர் வந்தது. 2010-ஆம் ஆண்டில் மீஞ்சூரிலும் 2013-ஆம் ஆண்டில் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. இவை தேவையற்றவை என்று சொல்லமாட்டேன். கூரைமேல் விழும் இனிய நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கடலின் உப்பை நீக்க மின்சாரம் செலவிடுவதில் உள்ள முரண்பாட்டை மட்டும் எண்ணிப் பாருங்கள் என்கிறேன்.

இங்கே ஒரு வினா எழும். நீருக்கே இவ்வளவு நிலத்தை விட்டுவிட்டால் மக்கள் எங்கே வாழ்வது? இது நியாயமான வினா. நீர்நிலை காக்கும் முயற்சியில் முதலில் பெயர்க்கப்படுவது பெரும்பாலும் கரையோரத்து ஏழையின் குடிசையே. பெரிய கட்டடத்தின்மேல் வழக்கு நீண்டுகொண்டே போகிறது. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அவை பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலத்தில் அமைந்தவை. வெள்ளத்திலிருந்து காப்பதற்கென்று சொல்லி அழைத்துச் சென்ற மக்களை வெள்ளம் அங்கும் தொடர்ந்தது. நிலத்தின் உயர்வு தாழ்வை அறியாமல் வகுத்த திட்டம், மக்களின் உயர்வு தாழ்வை மேலும் பெருக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. மேட்டு நிலத்தில், வேலைக்கும் பள்ளிக்கும் அருகில், எளியவருக்கு வீடு தருவதும் நீர்த்திட்டத்தின் ஒரு பகுதியே.

எங்கள் தெருவாரும் அந்த வெள்ளத்துக்குப் பின் ஒன்றுகூடினோம். இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகங்களுக்குச் சென்றோம். சாலையாகியிருந்த பகுதியின் அடியில் அகன்ற வடிகால் அமைக்கப்பட்டது. மனைகளோடு கலந்த பகுதியை மீட்க முடியவில்லை. அதன்மேல் வீடுகள் இருக்கின்றன, அவற்றில் என்னைப் போல் அறியாமல் வாங்கியவர்கள் வாழ்கிறார்கள். ஒருமுறை இழந்ததை முழுவதும் திரும்பப் பெறுவது அரிது என்பதை அங்கே கற்றேன். ஆதலால்தான் இன்னும் இழக்காத ஊர்களில் வாழும் உங்களிடம் பேச விரும்பினேன். இன்று செங்கற்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் திருவள்ளூரிலும், மற்ற நகரங்களின் ஓரங்களிலும் நஞ்சைகளில் மனைக்கற்கள் நடப்பட்டு வருகின்றன. தியாகராய நகரின் கதையும் எங்கள் தெருவின் கதையும் அங்கே முதல் அத்தியாயத்தில் இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரின் வரைபடத்தைப் பெற்று, உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஏரியைக் கண்டுபிடியுங்கள். அதன் வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, கலிங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது, போக்கு வாய்க்கால் எந்த ஏரியைச் சேர்கிறது என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் நடந்து பாருங்கள். வழி எங்கே மறைகிறதோ அங்கே நின்று, அங்கு இப்போது என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் வயது முதிர்ந்தோரிடம் கேளுங்கள். அவர்களுக்கு நீரின் வழி தெரியும். எழுதியதைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். நாளை உங்களுள் சிலர் நில அளவையராவீர்கள், சிலர் பொறியாளராவீர்கள், சிலர் திட்டங்களில் கையெழுத்திடும் அலுவலராவீர்கள், மிகப் பலர் எங்கேனும் ஒரு மனை வாங்குவீர்கள். அப்போது அந்த நடை உங்கள் நினைவுக்கு வரும்.

என் வீட்டு வாயிலில், 2015-ஆம் ஆண்டு நீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறேன். வருவோர் அது என்ன என்று கேட்பதுண்டு. நான் அந்தப் பழைய வரைபடத்தை எடுத்து அவர்கள்முன் விரிப்பேன். அந்த மூதாட்டி இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையை, கேட்பவர் அனைவருக்கும் சொல்லி வருகிறேன்.